சொட்டு விழுந்த இடம்

"புடிச்சிக்கிட்டியா அண்ணி?" என்று கேட்கிறாள் அஞ்சலாட்சி. பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பட்டின் ஒரு முனை என் கையில், மறு முனை அவள் கையில். பாயில் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், ஏனென்றால் ஆள் உயரம் இருந்த துணி ஐந்து மாதமாக அவள் முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுருங்கி, நீலச் சாயத் தொட்டியில் முங்கி எழுந்து காய்ந்து, இப்போது ஒரு முழத்துக்குக் கெட்டியாக நெருஞ்சிக் கொத்து மாதிரி கிடக்கிறது, பிரிக்கப் பிரிக்கத்தான் நீளும், நீள நீள நாங்கள் இருவரும் பின்னால் நகர வேண்டும். குறுக்காகப் பிடித்து ஒரே வெட்டாக இழுத்தால் நூல் தானே தெறித்துவிடும். இழு என்கிறேன். இழுக்கிறோம். படபடவென்று நான்கு வரிசை போகிறது, நூல் துணுக்குகள் அவள் மடியிலும் என் மடியிலும் விழுகின்றன, நீலத்துக்குள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகள் வெளியே வருகின்றன, ஒவ்வொன்றும் உளுந்து அளவு, நடுவில் ஊசி குத்தின மாதிரி ஒரு நீலப் பொட்டு. சயோகோ அம்மா இதை மான்குட்டி முதுகு என்பார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து வந்து எங்கள் ஊர் அவுரி நீலத்துக்காகவே இங்கே தங்கி, இந்தக் கொட்டகையைப் போட்டு எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். அவர்கள் ஊரில் கல்யாணப் பெண் இடுப்பில் அகலமாக ஒரு பட்டை கட்டுவாளாம், அந்தப் பட்டையின் மேல் விளிம்பில் இந்தத் துணியை மடித்துச் சுற்றிச் செருகிக்கொள்வாளாம், வெளியே தெரிவது இரண்டு விரல் அகலம். "ரெண்டு வெரல் தெரியறதுக்கா இம்மாம் முடிச்சு?" என்று அஞ்சலாட்சி கேட்டதற்குச் சயோகோ அம்மா, "மடிப்புக்கு உள்ளேயும் இருக்கு என்று கட்டிக்கொண்டவளுக்குத் தெரியும்" என்றார். வரிசைக்கு அறுபது முடிச்சு. முந்நூற்று அறுபது வரிசை. இப்போது நாற்பத்திரண்டு ஆகியிருக்கிறது, நாற்பத்திரண்டும் நேராக இருக்கிறது, நான் மூச்சை விடுகிறேன், அவள் மடியில் விழுந்த நூலைத் தடவி எடுத்து டப்பாவில் போடுகிறாள், டப்பாவுக்கு வெளியே போடுகிறாள், மறுபடி தடவி எடுத்து உள்ளே போடுகிறாள். நான் பார்க்கவில்லை. நூற்று நாற்பத்தொன்றுக்கு இன்னும் தொண்ணூற்றொன்பது வரிசை இருக்கிறது.

நூற்று நாற்பத்தொன்றில்தான் சொட்டு விழுந்தது. கட்டுவதற்கு முன்னால் துணியில் புள்ளி வைப்போம், துளை போட்ட காகிதத்தைப் பட்டின் மேல் பரப்பி நீலச் சாற்றைத் தடவினால் புள்ளி இறங்கும், ஒவ்வொரு புள்ளியையும் விரலால் கிள்ளித் தூக்கி நூல் சுற்றுவதுதான் வேலை. அந்தச் சாறு நம் ஊர்க் கானாவாழைக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஒரு செடியின் பூவிலிருந்து வருகிறது. அதைக் காகிதத்தில் ஏற்றிக் காயவைத்து மடித்து அனுப்புகிறார்கள், ஒரு விரற்கடை கிழித்துத் தண்ணீரில் போட்டால் நீலம் விட்டுவிடும். அதன் குணமே தண்ணீர் பட்டால் போய்விடுவதுதான். நிற்கிற மையில் புள்ளி வைத்தால் சாயத்துக்கு அடியில் என்றைக்கும் அது தெரியும், அதனால் போகிற மை. அதனால் கட்டுகிற பக்கம் சொம்பு வரக்கூடாது, ஈரக்கை வரக்கூடாது, மழை நாளில் ஜன்னல் ஓரம் உட்காரக்கூடாது, அழுகிறவள் வெளியே போய் அழ வேண்டும். கடைசி விதி சயோகோ அம்மா சொன்னதில்லை, மங்கவரத்தா சேர்த்தது. தொட்டியில் துணி முக்குகிறவள் அவள், முழங்கை வரைக்கும் நீலம், வாயும் அப்படித்தான். கண்ணில் விடுகிற மருந்தைப் பற்றி யாரும் விதி சொல்லவில்லை. சொட்டு விட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சாய்ந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற இடத்தில் அத்தனை தடவை சொன்னார்கள், இவளுக்கு அதற்குப் பொறுமை ஏது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முகம் கழுவி வந்து நின்றபடியே இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் இறங்கி, முகவாயில் கொஞ்சம் நின்று, விழுந்தது. பட்டில் நீலப் புள்ளிகள் ஒரு காசு அகலத்துக்குக் கலங்கின. அதோடு விட்டிருந்தால் ஒரு காசோடு போயிருக்கும். அவள் பதறி முந்தானையால் ஒற்றினாள், முந்தானை முகம் துடைத்த ஈரம், ஒற்ற ஒற்ற ஒரு கை அகலத்துக்குப் புள்ளி போய்விட்டது, வெறும் வெள்ளைப் பட்டு. ஒன்பது வரிசை. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து என் துணியைக் கட்டிக்கொண்டே நான் எண்ணினேன், எனக்கு எண்ணாமல் இருக்க வராது. அவள் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியாது, அவள் எங்கே பார்க்கிறாள் என்பது சில மாதமாகவே எனக்குத் தெரிவதில்லை. நான் என் துணிக்குக் குனிந்துகொண்டேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதி கட்டிய துணி சுருங்கிவிட்டது, காகிதத்தை அதன் மேல் மறுபடி பரப்ப முடியாது. நான் வாங்கிக் கட்டவும் முடியாது, ஒரு துணிக்கு ஒரு கை என்பது சயோகோ அம்மாவின் கண்டிப்பு, என் இறுக்கம் வேறு அவள் இறுக்கம் வேறு, நடுவில் கை மாறினால் புள்ளி பெரிசும் சின்னதுமாய்க் காட்டிக்கொடுத்துவிடும். சொல்லியிருந்தால் ஒன்றுதான் நடந்திருக்கும், என்ன மருந்து, கண்ணுக்கு என்ன என்று சயோகோ அம்மா கேட்டிருப்பார். கேட்டால் யார் சொல்வது?

"என்னா அண்ணி, தூங்கிட்டியா, இழு." இழுக்கிறேன். ஐந்து வரிசை. நேராகத்தான் இருக்கிறது. எண்பத்தாறு. இல்லை, எண்பத்தேழு. ஆஸ்பத்திரியில் அவளை இருட்டறைக்குள் உட்காரவைத்து, ஒரு கிண்ணம் மாதிரி இருந்த பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் பொட்டு வருமாம், தெரியும்போதெல்லாம் அமுக்க வேண்டுமாம். நான் கதவோரம் நின்றிருந்தேன், பொத்தானின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, டக், டக், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை, மிஷின் மட்டும் உள்ளே ஏதோ நகர்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அப்புறம் ஒரு டக். வெளியே வந்து, "ஒண்ணு உடல அண்ணி, வந்ததை எல்லாம் அமுக்கிட்டேன்" என்றாள், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி. வந்ததை எல்லாம் அமுக்கினாள், அது நிஜம்தான். கண்பாவையை விரிக்க ஒரு மருந்து விட்டு அவளைப் பெஞ்சியில் கண்ணை மூடிச் சாய்த்துவிட்டு, கூட வந்தவங்க உள்ள வாங்க என்று என்னை மட்டும் கூப்பிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண், என் பேத்திக்கு மூத்தவளாக இருந்தால் இரண்டு வயசு இருக்கும். ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கண்ணுக்கு ஒரு வட்டம். வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. "நேரா எதிர்ல இருக்கறது மட்டும்தான் தெரியுதும்மா அவங்களுக்கு. சுத்திலும் போயிடுச்சு. நடுவுல இருக்கறதும் குறைஞ்சுக்கிட்டே வருது." எப்படிப் போயிற்று, வலிக்கவில்லையே, அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். வலிக்காது, அதுதான் இதில் கெட்டது என்றாள். போனது வராது. மருந்து விட்டால் இருப்பது கொஞ்ச காலம் நிற்கும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. "பெரியவங்க நீங்க. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க." பக்குவமாக. நான் நாலாவது வரைக்கும் படித்தவள், கணக்கு நன்றாக வரும், பக்குவம் எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. வெளியே வந்தேன். பெஞ்சியில் சாய்ந்திருந்தவள் என் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பி, "என்னா சொன்னாங்க?" என்றாள். சொட்டு மருந்து விடச் சொன்னாங்க என்றேன். பொய் இல்லை. சொன்னார்கள்தான். "அதுக்கா உள்ள அம்மாம் நேரம்?" என்றாள். எப்படி விடுவது என்று காட்டினார்கள் என்றேன். அது பொய். அதற்கு அப்புறம் நூறு தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். ஒரு நாள் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், சந்தோஷமாக இருந்தாள், நாளைக்கு என்று விட்டேன். ஒரு நாள் துக்கமாக இருந்தாள், இன்றைக்கு வேண்டாம் என்று விட்டேன். இரண்டும் இல்லாத நாள் ஒன்று வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தொட்டிப் பக்கமிருந்து மங்கவரத்தா கத்துகிறாள், "கெழவிங்களா, கயிறு இழுக்கிற போட்டியா நடக்குது, யாரு ஜெயிக்கிறது?" அஞ்சலாட்சி உடனே, "எங்க அண்ணிதான் ஜெயிக்கும், நான் இழுத்தா அது உழுந்துடும்னு பயந்து மெதுவாப் புடிச்சிருக்கேன்" என்கிறாள். "ரெண்டு பேருல எவ உழுந்தாலும் தொட்டிப் பக்கம் உழாதீங்க, சாயம் கெட்டுப்பூடும்." சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், சிரித்ததில் எண்ணிக்கை தவறிவிட்டது. நூற்று எட்டா, நூற்று ஒன்பதா. எண்ணிக்கை தவறுவது எனக்கு வழக்கமில்லை, சோற்றுக்கு அரிசி போடும்போது யாராவது பேசினால்கூடத் தவறாது. துணியை மடியில் வைத்து முதலிலிருந்து விரலால் எண்ணிப் பார்க்கலாம், அப்படி எண்ணினால் அவள், என்னா அண்ணி எண்ணற என்பாள். வேண்டாம். நூற்று எட்டு என்று வைத்துக்கொள்கிறேன். இப்போது இருவருக்கும் நடுவே கைநீளம் இடைவெளி வந்துவிட்டது. பிரிந்த பகுதி என் பக்கம், முனைமுனையாகச் சின்னக் கூம்புகள் எழும்பி, நீலத்தில் வெள்ளை தெளித்துக் கிடக்கிறது. நூலை எடுத்தாலும் துணி முடிச்சை மறக்காது, ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூட விரலில் படும். கட்டாத துணி அவள் பக்கம் இன்னும் கட்டியாக இருக்கிறது. இல்லை, கட்டிய துணி. என்ன நினைக்கிறேன் என்றே தெரியவில்லை. அவள் புருஷன் போய்ப் பதினோரு வருஷம், எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள், அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், எத்தனை தரம் போய்க் கூப்பிட்டிருப்பார், வரமாட்டாள். "உன் பொண்டாட்டி ரசத்தைத் தெனம் குடிக்கிறதுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்" என்பாள். என்னிடம் வேறு மாதிரி சொல்வாள், ஒரே ஒரு தடவை சொன்னாள், "அண்ணி, எங்க அம்மா கடைசில உங்க ஊட்டு மூலையில தட்டை நீட்டிக்கினு உக்காந்திருந்துச்சே, நீ நல்லாத்தான் போட்ட, கொற சொல்லல, ஆனா அது தட்டை நீட்டுச்சு பாரு." அந்தத் தட்டு எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஓரம் நெளிந்த எவர்சில்வர் தட்டு. கேட்காமலே போட்டிருக்கலாம், அது நீட்டுவதற்கு முன்னாலேயே போட்டிருக்கலாம். இவளுக்குக் கண் இல்லையென்றால் அடுப்புப் பற்றவைக்க விடுவார்களா, சந்தில் தனியாக இருக்க விடுவார்களா, மோட்டார் சைக்கிள் வருகிற பக்கம் இவளுக்கு இருட்டு, போன மாசம்கூட ஒருவன் திட்டிவிட்டுப் போனான், ஊரில் எவனுக்குமே ஹாரன் அடிக்கத் தெரியவில்லை என்று இவள் திரும்பத் திட்டினாள்.

நூற்று இருபது. இழுக்கிறோம். நூற்று இருபத்துநான்கு. என் கணக்கு சரியென்றால். ஒன்பது வரிசை கோணலாக இருக்கும், இருந்தே தீரும், புள்ளியே இல்லாத இடத்தில் யார் கட்டினாலும் கோணும், நான் கட்டினாலும் கோணும். கோணினால் சொல்லிவிடலாம், தண்ணீர் பட்டுவிட்டது சயோகோ அம்மா, யாரோ சொம்பைக் கொண்டுவந்துவிட்டார்கள், நானே கொண்டுவந்தேன். என் மேல் கோபம் வராது, வந்தாலும் பேசமாட்டார், அந்த அம்மாவின் கோபம் அன்றைக்கு டீயில் சர்க்கரை போடாமல் குடிப்பதோடு சரி. அந்தப் பகுதி மடிப்புக்கு உள்ளே போகிற மாதிரி மடித்துக் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். உள்ளே இருப்பது கட்டிக்கொண்டவளுக்குத் தெரியும் என்பார். பரவாயில்லை, துணி போனால் போகட்டும். துணி இல்லை என் பயம். எத்தனை ராத்திரி படுத்துக்கொண்டு இதையே கூட்டிக் கழித்திருக்கிறேன், ஒன்பது வரிசை கோணினால் அது தண்ணீரின் குற்றம், அதற்கு அப்புறம் நூற்று ஐம்பதிலிருந்து புள்ளி இருக்கிறது, நானே பார்த்தேன், பளிச்சென்று இருந்தது, அங்கே மறுபடி நேரானால் இவளுக்குக் கண் இருக்கிறது என்று அர்த்தம், நேராக எதிரில் இருப்பது தெரியும் என்றுதானே அந்தப் பெண் சொன்னாள், இந்த வேலைக்கு நேராக எதிரில் இருக்கிற ஒரு புள்ளி தெரிந்தால் போதாதா, ஒன்றைக் கட்டு, அடுத்ததைப் பார், அதைக் கட்டு. டாக்டருக்கு முடிச்சு வேலையைப் பற்றி என்ன தெரியும். நூற்று ஐம்பதிலிருந்து நேராக இருந்தால் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் சொல்ல வேண்டாம். நேராக இல்லாவிட்டால். இங்கே வந்து நின்றுவிடுகிறது, ஒவ்வொரு ராத்திரியும் இங்கேதான் நிற்கிறது, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி படுத்து ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தத் துணி முந்தாநாளே சாயத்துக்குள் போய்விட்டது. சாயம் பிடித்தது பிடித்ததுதான். நான் இப்போது பதறுவதால் ஒரு புள்ளிகூட நகராது, எல்லாம் அங்கே அந்தக் கட்டிக்குள் ஏற்கெனவே நேராகவோ கோணலாகவோ உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. மெதுவாக இழுக்கிறேன். "என்னா அண்ணி, சோறு சாப்புடலியா, மாவு பிசையற மாதிரி இழுக்கற?" கட்டினவளே பிரிக்கும்போது ஒரு முனையைப் பிடிக்க வேண்டும் என்பதும் சயோகோ அம்மா வைத்த வழக்கம்தான். வேறு யாரையாவது உட்காரவைத்திருந்தால் முதலில் நான் மட்டும் பார்த்திருப்பேன். பார்த்து? பார்த்து என்ன செய்திருப்பேன்?

படபட. எத்தனை போயிற்று என்று தெரியவில்லை, அவள் இந்தத் தடவை பலமாக இழுத்துவிட்டாள், முப்பது நாற்பது வரிசை ஒரே மூச்சில் போய்விட்டது. "நில்லு அண்ணி, நில்லு" என்கிறாள். குரல் மாறியிருக்கிறது. "இந்த எடந்தான்." எந்த இடம் என்கிறேன், என் வாய் கேட்கிறது. அவள் தன் முனையைப் பாயில் வைத்துவிட்டுத் தவழ்கிற மாதிரி நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள், தோளோடு தோள் ஒட்டி, தேங்காயெண்ணெயும் மருந்தும் கலந்த வாசனை. "உங்கிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. இங்க மருந்து உழுந்து புள்ளி பூடுச்சு அண்ணி, ஒரு கை அகலத்துக்கு, ஓரத்துல ஒரு நூலு தச்சி வச்சிருக்கேன் அடையாளத்துக்கு. அன்னைக்கு ராத்திரி தூங்கல நான்." விரலை வைக்கிறாள். குனிந்து பார்க்கவில்லை, தலை நேராக இருக்கிறது, சுவரைப் பார்த்துக்கொண்டு விரலால் தடவுகிறாள், கூம்பு கூம்பாகத் தொட்டு ஒரு வரிசையின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. நான் பார்க்கிறேன். நேராக இருக்கிறது. எண்ணுகிறேன், நூற்று நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல், முன்னால் இருக்கிற நூற்று நாற்பதும் எப்படியோ அப்படியே, எங்கே மை போயிற்று எங்கே இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. "நேரா இருக்குது" என்கிறாள் மெதுவாக. அப்புறம் என் தொடையில் அடித்து, "அண்ணி! நேரா இருக்குது அண்ணி! எண்ணிப் பாரு, நீதான் எண்ணுவியே, அறுவது இருக்குதா பாரு!" அறுபது இருக்கிறது. "எப்பிடிக் கட்டினேன் தெரியுமா, முன் வரிசை முடிச்சு மேல இந்த வெரலை வச்சிக்கினு, அதுலேருந்து ஒரு நகக்கண்ணு தள்ளி, கண்ணை மூடிக்கினேன், தொறந்தா வெறும் வெள்ளையா இருந்து கொழப்புது, மூடிக்கினு கட்டினேன். மருந்து உழுந்ததை நீ பாத்தியா?" இல்லை என்கிறேன். "பொய். நீ பாக்காம இந்தக் கொட்டாயில எது உழுந்துது?" சிரிக்கிறாள், பல் இல்லாத இடம் தெரியச் சிரிக்கிறாள், இது போதும், இதோடு எழுந்து போய் டீ குடிக்கலாம். "சயோகோ அம்மா! இங்க வாங்க, வந்து பாருங்க! ஏ மங்கவரத்தா, வாடி, கண்ணு தெரியலன்னு என்னைச் சொன்னியே அன்னைக்கு, வந்து பாரு!"

நானும் பார்க்கிறேன், அவள் விரல் இருக்கிற இடத்துக்கு அப்பால். பலமாக இழுத்ததில் ஒன்பது வரிசையையும் தாண்டி இன்னும் கொஞ்சம் பிரிந்துவிட்டது. நூற்று ஐம்பது நேராக இருக்கிறது. நூற்று ஐம்பத்தொன்று நேராக இருக்கிறது. ஐம்பத்திரண்டில் ஒரு புள்ளி இல்லை. இல்லாத இடத்தில் துணி வழவழவென்று நீலமாக இருக்கிறது. ஐம்பத்து மூன்றில் நான்கு இல்லை. அடுத்தது பாதி தூரம் ஒழுங்காக வந்து, பாதியில் கீழ் வரிசைக்கு இறங்கி அதோடு சேர்ந்து போய்விட்டது, அங்கிருந்து இரண்டு வரிசை ஒரே வரிசையாகி, அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லாமல் பாதை மாதிரி கிடக்கிறது, அதற்கு அப்புறம் எண்ண வரிசையே இல்லை, அங்கங்கே புள்ளி, கொஞ்சம் கூட்டமாக, கொஞ்சம் தனியாக. இங்கே மை இருந்தது. பளிச்சென்று இருந்தது, நானே பார்த்தேன். மை இருந்ததால் அவள் கண்ணைத் திறந்துகொண்டு கட்டியிருக்கிறாள். இன்னும் இருநூறு வரிசை அந்தக் கட்டிக்குள் இருக்கிறது. என் வலது கை எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை, நூற்று ஐம்பத்திரண்டின் மேல் விரலை அகல விரித்துக் கவிழ்ந்திருக்கிறது, அடியில் கூம்புகள் உள்ளங்கையில் குத்துகின்றன, குத்த வேண்டிய இடத்தில் சில குத்தவில்லை. கையால் எவ்வளவை மூட முடியும். சயோகோ அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பாய்க்குப் பக்கத்தில் மண்டியிடுகிறார், முதலில் அஞ்சலாட்சி காட்டுகிற இடத்தைப் பார்க்கிறார், "ஆமாம், நேர். ரொம்ப நேர்" என்கிறார், அப்புறம் அவர் பார்வை என் கைக்கு வந்து, கையின் இரண்டு பக்கமும் மூடாமல் கிடப்பதற்குப் போய், என் முகத்துக்கு வருகிறது. நான் என்ன முகத்தை வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டால் நன்றாக இருக்கும், யாராவது கேட்டுவிட்டால், நான் சொல்வதற்கு முன்னால் யாராவது. "நாப்பத்தெட்டு நேர், நாப்பத்தொம்போது நேர்" என்று அஞ்சலாட்சி விரலை நகர்த்திக்கொண்டே வருகிறாள், பாட்டு மாதிரி, ஒவ்வொரு வரிசைக்கும் என் முழங்காலை ஒரு தட்டு. "இதோட மருந்து எடம் முடிஞ்சுது. இனிமே புள்ளி இருந்துது, இனிமே கஷ்டமே இல்ல." நூற்று ஐம்பது. இப்போது சொல்லிவிடலாம். கொஞ்சம் நில்லு அஞ்சலை என்று ஒரு வார்த்தை, அதற்கு அப்புறம் எது வருகிறதோ அது. நூற்று ஐம்பத்தொன்று, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, அவசரமில்லாமல். அவள் விரல் என் சுண்டு விரலில் வந்து இடிக்கிறது, நகத்தைத் தடவிப் பார்த்து, மோதிரத்தைத் தடவிப் பார்த்து, யாருடையது என்று கண்டுகொள்கிறது.

"கையை எடு அண்ணி" என்கிறாள், சிரிப்பு இன்னும் குரலில் இருக்கிறது.